ஊதாக் கோடு

லாட ஆணி குத்தியதற்கு
சனிக்கிழமை சாயங்காலம் போட்ட டி.டி. ஊசி,
ஞாயிறு பூசை முடிந்து நான் வருவதற்குள்
கழுத்தில் ஒரு இட்லி அளவு எழும்பியிருந்தது.
மதியம் அது இட்லி இல்லை,
சாப்பாட்டுத் தட்டு.

லிங்கராஜபுரம் ரயில் பாதைக்குப் பின்னால்
தகரக் கொட்டகையில் நிற்கிறாள் திங்கள்,
தலையைப் பாதி வழியில் நிறுத்திக்கொண்டு.
பந்தயக் காகிதத்தில் அவள் பெயர் சில்வர் மண்டே.
ஏழு ஓட்டம். ஒரே ஒரு மூன்றாம் இடம்.
நிறம் வெள்ளை என்பதால்
கல்யாண வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

புல் தரையில் கிடக்கிறது.
பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.
"திமிர். நேத்துப் புல்லைத் தொடமாட்டாளாம்"
என்றார் இருதயராஜ்.
ஒரு கைப்பிடி அள்ளி
நெஞ்சு உயரத்துக்கு நீட்டினேன்.
என் வளையலோடு சேர்த்து மேய்ந்தாள்.
திமிர் இல்லை, கழுத்து.

நீல டிரம்மைக் கவிழ்த்து மேலே புல்.
நாலு செங்கல் அடுக்கி
அதன் மேல் தண்ணீர் வாளி.
குடித்தாள், குடித்தாள்,
வாளியின் அடி தெரிகிறவரை.
காலையிலிருந்து தாகம் என்று
யாரிடம் சொல்லியிருப்பாள்?

டாக்டர் பூவம்மா யெலஹங்காவில்
ஒரு மாட்டுப் பிரசவத்தில் இருந்தார்.
போனில் முதல் கேள்வி: "ஊசி யார் போட்டது?"
நான் இருதயராஜைப் பார்த்தேன்.
அவர் டிரம்மைப் பார்த்தார்.
தனக்கு ஊசி என்றால்
பவுரிங் ஆஸ்பத்திரி வாசலிலேயே வேர்த்து உட்காருகிறவர்,
வந்து போகிற செலவை மிச்சம் பிடிக்க
இவளுக்குத் தானே குத்திவிட்டார்.
துடைத்தீரா? துடைத்தேன்.
எதால்?
அவர் தோளில் அந்தத் துண்டு இன்னும் கிடந்தது.

"பிசையாதே. கீறிப் பார்க்காதே.
வெந்நீர் ஒத்தடம், உன் கை பொறுக்கிற சூடு.
கட்டியே வைக்காமல் மெல்ல நாலு நடை.
காய்ச்சல் பார்.
வீக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடு போடு.
கோட்டைத் தாண்டினால்,
தொடும்போது அப்பளம் நொறுங்குகிற மாதிரி இருந்தால்,
ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு."

மகளின் பையில் ஊதா ஸ்கெட்ச் இருந்தது.
முடியின் போக்கில் வழுக்கி வழுக்கிச் சுற்றி வந்தேன்.
திங்கள் தோலை மட்டும் சிலிர்த்தாள்,
ஈ உட்கார்ந்த மாதிரி.
மகள் எட்டிப் பார்த்து,
"இலங்கை" என்றாள்.

ஏழு மணிக்கு டேவிஸ் ரோட்டிலிருந்து போன்.
நாளை மாப்பிள்ளை அழைப்பு.
"கழுத்துதானே? பூமாலையில மறைஞ்சிடும்."
கண்ணாடியும் சலங்கையும் வைத்துத் தைத்த பட்டை
சரியாக இலங்கை மேல்தான் உட்காரும்.
நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே
அரிசி டின்னில் கைவிட்டு
முன்பணம் மூவாயிரத்தை எடுத்தார் இருதயராஜ்.
எண்ணவில்லை. ஸ்கூட்டரை உதைத்தார்.
மன்னிப்பு என்கிற சொல்
அவருக்கு இரண்டாவது கியரில்தான் வரும்.

பிறகு ராத்திரி முழுக்க
அவர் வெந்நீர் வைத்தார், நான் துண்டு பிழிந்தேன்.
சென்னை வண்டி போனது. தகரம் அதிர்ந்தது.
அவள் காதுகூட அசைக்கவில்லை,
அந்த ஓசைக்கு அவள் பழையவள்.
தெர்மாமீட்டரை டார்ச்சில் காட்டி
"ஏறலை" என்றார். திரும்பவும் பார்த்து,
"ஏறலை."

மூன்று மணிக்குத்தான் கவனித்தேன்.
ஒத்தடத்தில் கோடு கரைந்து
ஊதாவாகத் தோள்வரை வழிந்திருந்தது.
எது எல்லை, எது வீக்கம்,
காவல் வைத்த கோட்டை நாங்களே அழித்திருக்கிறோம்.

அவர் முகம் வெளுத்தது.
நான் உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்த்தேன்.
மாலையில் விரல் நுனிக்கு வெளியே
இரண்டு பக்கமும் மேடு மிச்சம் இருந்தது.
இப்போது கைக்குள் அடங்குகிறது.
சூடு, என் கையின் சூடுதான்.
"நீ வச்சுப் பாரு" என்றேன்.
வைக்க மாட்டேன் என்றார். அப்புறம் வைத்தார்.

விடிந்தபோது டிரம்மிலிருந்து ஒரு கற்றை சரிந்து
செங்கல் மேல் விழுந்தது.
திங்கள் அதைப் பார்த்தாள்.
மெல்ல, படி இறங்குகிறவள் போலத்
தலையை இறக்கினாள்.
செங்கல்வரை வந்தது வாய்.

தரைக்கு இன்னும் ஒரு சாண்.