நடுவில் எட்டு ஜிபி

விண்டோஸ் பக்கம் ஃப்ரித்யோனுடையது:
மீன் பிடித்த படங்கள், வரிக் கணக்கு,
பாதியில் விட்ட ஒரு கார்ப் பந்தயம்.
அவன் பெர்கனுக்குப் போய்ப் பதினான்கு மாதம்.

லினக்ஸ் பக்கம் ஸ்டைன்வோருக்கு.
கடல்வாத்துக் கூடுகளில் பதிந்த ஒலிகள்
அதில் நிறைந்து,
காலை முதல் இடமில்லை என்கிறது.

"எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடு"
என்றாள் துறைமுகக் கடை ஆல்டீஸ்.
ஒரு பென்டிரைவ் மட்டும் வாங்கி வந்தாள்.

அவன் பக்கத்தில் அறுபது ஜிபி சுருக்கியது
சுலபம். கிடைத்த வெற்றிடம்தான்
கைக்கு எட்டவில்லை.
நடுவே ஸ்வாப், எட்டு ஜிபி,
பஸ் படியில் பெட்டியோடு நிற்கும் ஆள் மாதிரி.
அதை நகர்த்தி,
பிறகு தன் பக்கத்தையே
முதல் பைட்டிலிருந்து இடப்புறம் தள்ள வேண்டும்.

மின்சாரம் போனால் எல்லாம் போகும்,
எச்சரித்தது திரை.
ஈசஃபியோர்துர் முழுக்கப் பனிக்காற்று.
மடிக்கணினியின் பேட்டரி செத்து இரண்டு வருஷம்.

சரி என்று அழுத்தினாள்.

மூன்று மணி பத்து நிமிடம்
காபிக்குக்கூட அடுப்பைப் போடவில்லை.
விளக்கு ஒரு தடவை சிமிட்டியது.
ஒரே தடவை.

காலை எட்டு, இன்னும் இருட்டு.
கருந்திரையில் மேலும் கீழுமாய் இரண்டு பெயர்.
அவனுடையதை முதலில் திறந்தாள்.

மூன்றாம் வளைவில்
கார் அப்படியே நின்றிருந்தது,
என்ஜின் ஓடிக்கொண்டு.