பின்சீட்டில் இருவர்

அப்பா போனது நாற்பத்தொன்றில்.
அத்தை அதற்கும் முன்னால்.
போனவிஸ்டா மீனவர் குடலுக்கு
உப்புதான் எமன் என்றது ஊர்.

உப்பில்லை.
பிழை திருத்தவேண்டிய மரபணுவே
எங்கள் வீட்டில் பிழையாகப் பிறக்கிறது.

மூவரும் ரத்தம் கொடுத்தோம்.
ஹெட்லிக்கு உண்டு. ட்ரூசில்லாவுக்கு உண்டு.
எனக்கு இல்லையென்ற தாளை
ஒரு வாரம்
மீன்வலைக்கு அடியில் ஒளித்துவைத்தேன்,
திருடியதைப் போல.

ஒவ்வொரு மார்ச்சும் ஒரே இரவில்
இருவரும் பேதிமருந்து குடிக்கிறார்கள்,
கோப்பைகளை இடித்துக்கொண்டு.
ஒற்றைக் கழிப்பறைக்குச் சண்டை, பிறகு சிரிப்பு.
நானும் சாப்பிடுவதில்லை.
யாரும் கேட்டதில்லை.

விடியுமுன் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டி
ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கிறேன்.
பின்சீட்டில் தூங்கி வழிகிற
அப்பாவின் மூக்குகள் இரண்டு.
நிமிர்ந்து பார்த்தால்
கண்ணாடியில் மூன்றாவது.