கூடுதல் தாள்

முதலில் எங்கே சந்தித்தீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.
கோபாலபுரம் எடைமேடையில்.
இடம் போதாவிட்டால் தனித்தாள் இணைக்கலாமாம்.
இணைக்கிறேன்.

லெமிங்டன் பக்கம் தக்காளி வளர்க்கிற
கண்ணாடி வீடுகளுக்கு
எங்கள் தென்னை நார்த்தூள் போகிறது.
அதில் உப்பு எவ்வளவு என்று பார்க்க
உங்கள் ஊர்க் கம்பெனி அனுப்பி வந்தவள் கயல்விழி.
லாரி ஏறி நின்றது.
மேடையென்று தெரியாமல் அவளும் ஏறி நின்றாள்.
ஐம்பத்தைந்து கிலோ கூடுதல்.
"எறங்குங்க, உங்களுக்கும் சேத்து பில் வந்துரும்" என்றேன்.
"என்ன கதைக்கிறியள்?" என்றாள்.
நான் கதையெதுவும் சொல்லவில்லையே என்று விழித்தேன்.
சீட்டு இருக்கிறது. இணைப்பு ஒன்று.
மை மங்கிவிட்டது,
வெயிலில் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

கல்யாணப் பதிவு கொழிஞ்சாம்பாறை பஞ்சாயத்தில்.
மலையாளத்திலும் ழ உண்டு,
அதனால் அங்கே அவள் பெயர் முழுசாக இருக்கிறது.
இங்கிலீஷாக்கிய நோட்டரி இசட்டும் எச்சும் போட்டார்.
உங்கள் பாஸ்போர்ட்டில் வெறும் எல்.
இருவரும் ஒருத்தியே என்று
இருநூறு ரூபாய்ப் பத்திரத்தில் சத்தியம் செய்திருக்கிறோம்.

போலீஸ் சான்று இரண்டு.
தூங்குவது கேரளத்தில், வேலை தமிழ்நாட்டில்,
நடுவே ஒரு செக்போஸ்ட், ஒரு பரோட்டாக் கடை.
"அங்க இருக்கறவன் மேல இங்க என்னப்பா கேஸு இருக்கப்போகுது"
என்றார் பொள்ளாச்சி ஏட்டு.
கொழிஞ்சாம்பாறைக்காரர் அதையே மலையாளத்தில் கேட்டார்.
பத்து வருஷத்தில் தாண்டிய எல்லைகளைத்
தேதி வாரியாகக் கேட்கிறது ஒரு கட்டம்.
நேற்று மட்டும் நாலு முறை, ஒன்று டீக்காக.
நாட்டைக் கேட்கிறார்கள் என்றாள் அவள்.
அப்படியென்றால் இல்லை.

படங்கள் இருபது.
ஒன்றில் அவள் முறைப்பது பல்வலியால்.
சண்டை போட்ட படம் எதுவும் எங்களிடம் இல்லை.
அதுதான் நல்ல ஆதாரமாக இருந்திருக்கும்.

நேற்று ராத்திரி அவள் கடிதத்தைப் படித்தேன்.
வெளிநாட்டில் வசிக்கும் உங்கள் குடிமகள்
புருஷனோடு திரும்பி வருவாள் என்பதற்கு
நிரூபணம் வேண்டுமாம்.
வெளிநாடு என்பது எங்கள் வீடு.
அந்த வரியை இரண்டு தடவை வாசித்தேன்.
அண்ணன் வீட்டு நிலவறை எங்களுக்கென்று ஒழித்து வைத்திருக்கிறது.
பழைய கம்பெனி வேலை தருகிறது.
இதெல்லாம் எனக்குத் தெரியும்.
அதற்குக் கீழே, யாரும் கேட்காத ஒரு பத்தி:
விடியுமுன் பனி வழிக்கிற வண்டி
தெருவை உரசிக்கொண்டு போகுமாம்.
அந்தச் சத்தம் இல்லாமல்
இங்கே நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறதாம்.

மூன்று வருஷமாக நாலு மணிக்கு
எழுந்து உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து
கரண்ட் போய் வேர்க்கிறது என்று நினைத்திருந்தேன்.
விசிறியை மாற்றினேன்.
இன்வெர்ட்டர் வாங்கினேன்,
தவணை இன்னும் ஓடுகிறது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."
"நீங்கள் கேக்கேல்லை. அவையள் கேட்டவை."

ஐந்து கிலோவுக்குக் கீழே எங்கள் மேடைக்குத் தெரியாது.
முட்டைக்கூடையோடு ஒருத்தர் ஏறி இறங்கினாலும்
முள் அசையாத மாதிரிதான்.
அதைக் குறை என்று இதுவரை நான் நினைத்ததில்லை.

பனியை நான் பார்த்ததில்லை.
போய் இருப்பேனா என்ற கட்டத்தில்
ஆம் என்று அவள் பென்சிலில் குறித்திருந்தாள்.
அதன்மேல் நான் பேனாவால் எழுதினேன்.
இன்வெர்ட்டர் ரசீதையும் வைக்கிறேன், இணைப்பு இருபத்திரண்டு.
அது எதற்கு ஆதாரம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

குடும்பத்தார் மொழிபெயர்க்கக் கூடாது என்கிறது விதி.
நோட்டரிக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது.
இந்தத் தாளை அவள்தான் அவர் மேசைமுன் உட்கார்ந்து
உரக்க வாசித்துக் காட்டவேண்டும்,
இந்த வரியையும் சேர்த்து.

லாரி நிற்கிறது. முடிக்கிறேன்.