சிவப்புக் காசு

பி ஏழு.
லிஃப்டில் நின்றால்கூட
விரல் இன்னும் அந்தப் பொத்தானைத்தான் தேடுகிறது.

அறுபத்தேழில் என் பிழைப்பு:
ரூர் சுரங்க நகரங்களில் முப்பத்தொரு மதுக்கடைகள்,
முப்பத்தொரு பாட்டுப்பெட்டிகள், ஒரு வேன்.
பெட்டியின் முதுகைத் திறந்தால்
தட்டுக்கு ஒன்றாய்க் குட்டி மீட்டர்கள்.
எது எத்தனை தரம் பாடியது என்று சொல்லும்.
நிறையப் பாடியது பிழைக்கும்.
பாடாததை உருவிவிட்டுப் புதியதைச் செருகுவேன்,
ஈவிரக்கமில்லாமல், களை பறிக்கிற மாதிரி.

எண்களை அஞ்சலட்டையில் எழுதித்
தொழில் பத்திரிகைக்குப் போடுவேன்.
என்னைப்போல் பலபேர் எழுதியதைக் கூட்டித்தான்
இந்த மாதம் நாடு எதை முணுமுணுக்கிறது என்று
அவர்கள் அச்சடித்தார்கள்.

என்ன முணுமுணுத்தது?
கடல். எப்போது பார்த்தாலும் கடல்.
துறைமுகம், மாலுமி, எலுமிச்சை மரம்,
வருகிறேன் என்று சொல்லிப் போனவன்.
எண்ணூறு மீட்டர் ஆழத்தில் கரி வெட்டி,
கழுவியும் போகாத மை இமையோரம் ஒட்டியிருக்க,
வந்து உட்கார்கிறவர்கள்
காசு போட்டு வாங்கியது தெற்கின் வெயிலை.
நான் சிரித்ததில்லை. சரி, ஒருமுறை சிரித்தேன்.
பிறகு நானே ரிமினிக்குப் போனேன். ஆறு நாளும் மழை.

ஹெர்னேயில் சுரங்க வாசலுக்கு எதிரே
கெர்லிண்டே பிரோக்ஹோஃபின் கடை.
அங்கே பி ஏழு: ‘உன் கோட்டு இன்னும் இங்கே’.
பாடியவன் யோஸ்ட் ஹாவர்காம்ப்.
உங்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.
மற்ற கடைகளில் அந்தத் தட்டு
மூன்று, ஐந்து, பூஜ்யம், பூஜ்யம்.
ஹெர்னேயில் ஒரே மாதத்தில்
முந்நூற்றுப் பன்னிரண்டு.

மீட்டர் பழுது என்று எண்ணெய் விட்டேன்.
மறுமாதம் இருநூற்றுத் தொண்ணூற்றாறு.

காசுப்பெட்டியைக் கவிழ்த்தபோதுதான் உறைத்தது:
பாதிக்குமேல் சிவப்பு.
கடை காலியாக இருக்கையில் பெட்டி ஊமையாய் நிற்கக் கூடாதென்று
கடைக்காரர்கள் நகப்பூச்சு தடவிப் போடுகிற காசு அது.
பங்கு பிரிக்குமுன் பொறுக்கித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.
கணக்கில் சேராது.

அன்று காலை நான் கிளம்பவில்லை.
மேசைகள்மேல் நாற்காலிகள் தலைகீழாய்.
கல்லாவுக்குப் பக்கத்தில் சிவப்புக் குப்பி,
அவள் நகங்களில் பூச்சு இல்லை.
பி ஏழை அழுத்தினாள்.
இரண்டு சரணம் ஹாவர்காம்ப் கோட்டுக்காக அழுதான்.
மூன்றாவதில் அவன் முதுகுக்குப் பின்னால்
மூன்று பெண்குரல்கள், சொல்லில்லாமல், ஏறின.
கெர்லிண்டே கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தாள்.
வாய் திறக்கவில்லை, தொண்டை மட்டும் அசைந்தது.
நடுக்குரல் மூச்சு வாங்குகிற இடத்தில்
அவளும் வாங்கினாள்,
அரை நொடி முன்னால்.

தட்டின் சீட்டில் பாடியவன் பேர், எழுதியவன் பேர்,
வாத்தியக் குழுவை நடத்தியவன் பேர்.
கடைசியில் ‘கோரஸுடன்’ என்று ஒரு சொல்.

கேட்க வாயெடுத்தேன்.
“ஹெர் டீக்மான், பீர் ஊற்றவா?” என்று முந்திக்கொண்டாள்.
காலை பத்தரை. குடித்தேன்.

அந்த மாத அட்டையில்
சிவப்பையும் கூட்டினேன்.
பேனா போன வேகத்தில்
மற்றக் கடைகளின் பூஜ்யங்களுக்கு முன்னால்
ஆளுக்கொரு மூன்று விழுந்துவிட்டது.

நாற்பத்தொன்பதாவது இடம். ஒரே ஒரு மாதம்.
பத்திரிகையைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன்.
பார்த்தாளா, தெரியவில்லை.
அதன்மேலேயே கிளாஸை வைத்தாள்.
ஈர வட்டம் விழுந்தது,
நாற்பத்தாறாம் பாட்டின்மேல்.

அடுத்த தடவை திறந்தபோது
பி ஏழின் மீட்டர் இரண்டு என்றது.
விதி விதிதானே, உருவி எடுத்தேன்.
காசுப்பெட்டியை இருமுறை கொட்டி அளைந்து பார்த்தேன்.
சிவப்பு ஒன்றுகூட இல்லை.
அப்படியானால் அந்த இரண்டு தரமும்
யாரோ ஒருவர்
சொந்தக் காசு போட்டுக் கேட்டிருக்கிறார்.