ஐஸ்பெட்டியில் கண்மருந்து

பிறந்த மூன்றாம் நாள் பார்க்க வந்தவர்கள்
எல்லோருக்கும் ஒரே பேச்சு:
என்ன பெரிய கண், மான்கன்றின் கண்.
கோட்டை வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும்
மான்களோடு புழங்குகிற ஊர்.
சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.
நாவூறு பட்டுவிடும் என்று
கன்னத்தில் மைப்பொட்டு வைத்தேன்.
உள்நீர் வடிய வழியில்லாமல்
முட்டி முட்டிக் கண் பெருத்துக்கொண்டிருந்ததைப்
பொட்டு எங்கே அறியும்.

வெயில் பட்டால் முகத்தைத் தோளில் புதைப்பான்.
வெட்கம் என்றோம்.
ஓயாத கண்ணீர். தடிமன் என்றோம்.
கருவிழியில் பால்போல ஒன்று படர்ந்த பிறகுதான்
இரவு ரயிலில் கொழும்புக்கு ஓடினோம்.
"சொந்தத்துக்குள்ளயா முடிச்சது?"
டொக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.
சுகிர்தன் என் மாமி மகன்.
இருவரும் ஒரே நேரத்தில் தலையசைத்தோம்,
களவில் பிடிபட்டவர்கள் மாதிரி.

இரண்டு கண்ணுக்குமாக மூன்று ஒப்பரேஷன்.
பிறகு துளிகள்.
விட்டபின் மூக்கோரத்துக் கண்முனையை
அழுத்திப் பிடிக்கவேண்டும், அறுபது எண்ணும்வரை.
யதுசன் எண்ணப் படித்தது இப்படித்தான்.
அறுபதுக்குப் பிறகு எண்களே இல்லை என்று
வெகுநாள் நம்பியிருந்தான்.

கரண்ட் நின்று நின்று வந்த மாதங்களில்
குளிரில் வைக்கவேண்டிய குப்பியைப்
பொலித்தீனில் சுற்றி
சுகிர்தனின் மீன்பெட்டி ஐஸுக்குள் வைத்தோம்,
பாரைக்கும் சூடைக்கும் நடுவில்.
உப்புவெளி, அலஸ்தோட்டமெல்லாம் கூவி விற்று
மோட்டார்சைக்கிள் வீடு திரும்பும்வரை
இரவுத் துளி காத்திருக்கும்.
இன்றைக்கும் மீன்வாசம் இல்லாத மருந்தை
அவன் நம்பமாட்டான்.

ஐந்து வயதில் பள்ளிக்கூடம்.
வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சுவர்,
முற்றத்தில் வெள்ளைமணல், அதற்கப்பால் கடல்.
அடுப்புக்குள் நிற்பதுபோல நின்றான்.
தொப்பி சீருடையில் இல்லை என்றார்கள்.
கடிதம் கொடுத்தேன்.
இல்லை என்று கடிதம் வந்தது.

பிறகொரு செவ்வாய், கிண்ணியாவிலிருந்து
ஸ்கூட்டியில் நஸ்லுன் டீச்சர் வந்தா.
அவனோடு ஒன்றும் பேசவில்லை.
அவன் கதிரையில் போய் இருந்து
கண்ணைச் சுருக்கி யன்னலைப் பார்த்தா.
எழும்பி மேசையைத் திருப்பினா.
அவ்வளவுதான்.
மூன்று தவணையாய் அவன் முகத்தில் அடித்த வெளிச்சம்
முதுகுக்குப் பின்னால் போய்
கொப்பியில் விழுந்தது.

அதிபரிடம் அவ கேட்டது எனக்குக் கேட்கவில்லை.
அடுத்தநாள் தொப்பியோடு போனான்.
தடித்த கறுப்புப் பேனை, நாலுவிரல் உயர எழுத்து.
மீன்பெட்டிப் பலகையில் சுகிர்தன் அடித்த சாய்மேசை.
பக்கத்துப் பிள்ளையின் அம்மா
மீன் நாறுகிறது என்று முறைப்பாடு சொன்னா.
நாறத்தான் செய்தது.

அவனாக வாசித்த முதற் சொல் 'ஐஸ்'.
அப்பாவின் பெட்டியில், கறுப்பு பெயின்றில்,
மூக்கு முட்டும் தூரத்தில் நின்று.

இவ்வளவும் செய்தும்
பந்து முகத்தில் பட்ட பிறகுதான் அவனுக்குப் பந்து.
படியிறங்க இன்னும் கால்விரலால் தேடுகிறான்.
கிளினிக் நாளில் பிரஷர் எவ்வளவு என்று
பரீட்சைப் புள்ளி கேட்பதுபோல் கேட்கிறோம்.
குறையக் குறைய நல்ல புள்ளி.

ஆடியில் இவள் பிறந்தாள்.
மச்சாள் குனிந்து பார்த்துவிட்டு
"கண்தான் கொஞ்சம் சின்னன்" என்றா, மெல்ல,
குறை சொல்வதுபோல.
நன்றி, நன்றி என்றேன்,
யாருக்கென்று தெரியாமல், சத்தமாகவே.
அப்புறம்தான் கண்டேன்,
கட்டில் காலைப் பிடித்தபடி அவன் நிற்பதை.

ஒன்றும் கேட்கவில்லை.
தங்கச்சியின் முகத்தருகே முகம் வைத்து
கண்ணைத் தேடினான்.
மேற்கு யன்னல் வெயில்
நேரே அவள் நெற்றியில்.
சட்டெனத் தன் தொப்பியைக் கழற்றி
அவள் முகத்தை மூடினான்.

அவளுக்குத் தேவையில்லை என்று
சொல்ல வாய் வரவில்லை.
தொப்பிக்குள்ளிருந்து அவள் வீரிட்டாள்.
கண்ணைச் சுருக்கிக்கொண்டு
அவன் எண்ணத் தொடங்கினான்.
அறுபதுவரை விட்டிருந்தேன்.