அரை விலைக்குக் காத்திருத்தல்

மாதம் அறுநூற்றைம்பது பிராங்க்.
சம்பளம் எடுத்த அன்றே நேசகுமாரன்
ஒரு கடித உறைக்குள் வைத்து
அரிசி வாளிக்குப் பின்னால் செருகிவிடுவார்.
அதற்குமேல் கேட்கக்கூடாதென்று அவர் சொன்னதில்லை.
அது நானே போட்ட சட்டம்.

கட்டம்போட்ட கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன்.
பால், மா, மரக்கறி, மீன்,
மகளின் தயிர், அதுவும் மாம்பழம் போட்டதுதான் வேண்டுமாம்.
கடைசிப் பத்திக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
காசு போவது அதற்குள்தான்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
எங்கள் குசினி யன்னலுக்குக் கீழே
சூஸ் ஆறு ஓடுகிறது.
அளக்கத் தெரியும்.
போடத்தான் ஒன்றுமில்லை.

இந்த மாதம் இரண்டு சாமத்திய வீடு.
வீட்டுக்கு நூறு.
குறைத்தால், மண்டப வாசலில் பெயர் எழுதுகிறவர்
பேனாவை ஒரு கணம் நிறுத்திவிட்டு எழுதுவார்.
அந்த ஒரு கணத்துக்குப் பயந்து
வாளிக்குப் பின்னால் ஒரு உறை மெலிந்தது,
இரண்டு உறை கொழுத்தது.

ஆகவே சனிக்கிழமை.
ஊர் முழுக்கக் கடிகாரம் செய்கிற பீல் நகரத்தில்
எனக்கும் ஒரு நேரம் தெரியும்.
கடை பூட்ட முக்கால் மணித்தியாலம் இருக்க
இறைச்சிப் பகுதிக்கு ஒரு பெடியன் வருவான்.
கையில் செம்மஞ்சள் ஸ்டிக்கர் சுருள்.
அதுவரை மிளகாய்த்தூளைத் திருப்பித் திருப்பி வாசிக்க வேண்டும்.

மிளகாய்த்தூளுக்கு முன்னால்
கௌசலாதேவி அக்கா நின்றா.

போன ஞாயிறு
மகளைப் பல்லக்கில் கொண்டுவந்தவ.
ஐஸ்கிரீமுக்கே தனி மேசை போட்டவ.
என் நூறு அந்த மேசையில்
எந்தக் கிண்ணத்தில் உருகியதோ.

"பால் முடிஞ்சுபோச்சு" என்றா.
"எங்களுக்கும்" என்றேன்.
பால் கடையின் மறுமுனையில் இருந்தது.

புரட்டாதிச் சனி வேறு.
இரண்டு நெற்றியிலும் காலையில் வைத்த திருநீறு.
"நாளைக்குத்தான்" என்றா, கோழியைப் பார்த்தபடி.
"ஓம், எங்களுக்கும் நாளைக்குத்தான்."

பெடியன் வந்தான்.
எங்கள் இருவருக்கும் நடுவால்
சாம்பல் தொப்பி போட்ட சுவிஸ் கிழவர் ஒருவர்
கை நீட்டி மூன்று பெட்டி எடுத்தார்.
"நானும் அரை மணியாய் இதுக்குத்தான் நிற்கிறேன்" என்று
எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.
வெட்கம் என்பதே இல்லாமல்,
ஏதோ பேருந்துக்கு நின்றவர் போல.

மிச்சம் ஒரு பெட்டி.
பன்னிரண்டு தொண்ணூறு, இப்போது ஆறு நாற்பத்தைந்து.
"நீங்க எடுங்கோ."
"இல்லை அக்கா, நீங்க."
"நாங்க இப்ப குறைச்சிட்டம், கொலஸ்ட்ரோல்."
"நாங்களும்தான்."
பெடியன் சுருளை மடித்துக்கொண்டு காத்திருந்தான்.
அவனுக்கும் வீடு இருக்கும்.

"பிரிப்பம்" என்றா, கடைசியில்.

காசு நான் கட்டினேன்.
பேருந்துத் தரிப்பிடத்துக்குப் பின்னால்
இரண்டு மரக்கறிப் பைகளை விரித்து
களவெடுத்தவர்கள் போலப் பெட்டியைக் கிழித்தோம்.
ஐந்து தொடை.
இரண்டு, இரண்டு.
ஐந்தாவதைக் கொஞ்ச நேரம் இருவரும் பார்த்தோம்.
"வளருற பிள்ளை இருக்கு உங்களிட்ட"
என்று என் பைக்குள் போட்டா.
வெறும் பெட்டியை, ஸ்டிக்கர் அடியில் இருக்கத்தக்கதாய்,
குப்பைத் தொட்டியில் கவிழ்த்தா.

பிறகு சில்லறை எண்ணினா. மூன்று இருபத்தைந்து.
பாதி என்றால் மூன்று இருபத்திரண்டரை.
அரை ரப்பனுக்கு இந்த நாட்டில் நாணயம் இல்லை.
"இருக்கட்டும்" என்றா.
மண்டபச் செலவு இன்னும் முடியவில்லை என்று
வேறெங்கோ பார்த்துச் சொன்னா.
நான் கேட்கவில்லை.
பேருந்து வந்தது.

இரவு கொப்பியைத் திறந்தேன்.
பெயர் வைக்காத பத்தியில் எழுதினேன்:
கௌசலாதேவி அக்காவுக்கு,
ஒரு தொடை,
இரண்டரை ரப்பன்.