இரண்டாம் கியர்

காரா-பால்டாவில், கணவாய்ச் சாலை தொடங்கும் இடத்தில்
என் பட்டறை.
மலையிறங்கி வருகிற லாரிகளைக்
கண்ணுக்கு முன்னே மூக்கு அறிந்துவிடும்.
கருகிய பிரேக் கட்டையின் வாடை
அரை கிலோமீட்டர் முந்தி ஓடிவரும்.

இன்று வந்தது ஒரு ஹோண்டா வேன். வலப்பக்க ஸ்டியரிங்.
ஜப்பானில் யாரோ பிள்ளைகளைப் பள்ளியில் விட்ட வண்டி,
பத்து வருடமாக ஓஷுக்கு ஆளேற்றுகிறது.
இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற
இப்போதெல்லாம் அதற்கு யோசனை அதிகம்.
பிறகு ஒரு குத்து,
பின்சீட்டுக்காரர் தேநீரை மடியில் கொட்டிக்கொள்ளும்படி.

பெர்மெட் முன்கதவருகே,
சூயுன்பெக் பின்கதவருகே.
பகல் ஓட்டம் அவளுக்கு, இரவு ஓட்டம் அவனுக்கு.
சாவி கைமாறும் நேரம்தான்
இருவரும் முகம் பார்க்கும் நேரம்.

"இறக்கம் கண்டாலே இரண்டில் தள்ளிவிடுவாள்.
எஞ்சின் கத்தும், முள் நாலாயிரத்தைத் தொடும்.
கட்டை என்ன விலை, கியர்பெட்டி என்ன விலை,
நீயே சொல்."

அவள் என்னிடம் சொல்லவில்லை.
வண்டியைப் பார்த்துச் சொன்னாள்:
"ஆகஸ்டில் ஒரு நாள். சுரங்கம் தாண்டி ஏழாவது வளைவு.
இவர் தேய்த்து வைத்த கட்டை.
மிதித்தேன், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிற்று.
ஆறு பேர். ஒரு கைக்குழந்தை.
இரண்டில் போட்டேன். பிறகு ஒன்றில்.
கத்தியது. கத்தட்டும்.
நின்றது."

"எந்த ஆகஸ்ட்?" என்றான் அவன்.

ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம்,
இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம்.
வழக்கைத் தீர்க்க நான் யார்?
வண்டிக்கு அடியில் நுழைந்து அடித்தட்டைக் கழற்றினேன்.

எண்ணெய் வந்தது, கருகிய வெல்லப்பாகாக.
காந்தத்தில் விரல் கனத்துக்குச் சாம்பல் நிற ரோமம்.
அங்கிருந்தே சொன்னேன்:
இறக்கத்தில் காலை எடுத்தால் எஞ்சின் பெட்ரோல் குடிக்காது,
பொத்திய வாயால் மூச்சிழுக்கும்.
அந்தத் திணறல்தான் பிடிப்பு.
ஆளும் மூட்டையுமாக ஏற்றத்தில் பெட்டி சுமப்பதில்
பாதிகூட இல்லை அது.
இவள் கையும் தின்னவில்லை, உன் காலும் தின்னவில்லை.
எண்ணெய் எப்போது மாற்றினீர்கள்?

இரண்டு ஜோடிச் செருப்புகள்
ஒன்றையொன்று பார்த்தன.
"ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்றான் விற்றவன்."
யாருடைய ஆயுசுக்கு என்று கேட்கவில்லையாக்கும்.

பானெட்டின் அடியில் ஒரு ஜப்பானிய ஒட்டுத்தாள்.
எழுத்து புரியவில்லை, எண் புரிந்தது: நாற்பதாயிரம்.
மீட்டரில் மூன்று லட்சத்துப் பதினொன்றாயிரம்.
சாவி திருப்பியதும் ஒரு பெண்குரல்
தினமும் ஏதோ சொல்லுமே, மரியாதையாக, ஜப்பானில்;
"இதைத்தான் சொன்னாளோ பாவி" என்றான் சூயுன்பெக்.
பெர்மெட்டுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

மீதியைச் சொல்லியாக வேண்டும்.
புது எண்ணெயில் பிழைக்கலாம்,
புது எண்ணெயாலேயே சாகலாம்.
இத்தனை வருட அழுக்குதான்
சில பெட்டிகளை வழுக்காமல் பிடித்து வைத்திருக்கிறது.

நெடுநேரம் பேசவில்லை.
"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"
"சாவி கொடுக்கிற நேரத்தில் இதையா பேசுவது?"
பிறகு அவள் என் பக்கம் திரும்பி,
"மூன்று லிட்டர் மட்டும் மாற்று. மிச்சம் அடுத்த மாதம்."

சோதித்துப் பார்க்க இருவருமே ஏறிக்கொண்டார்கள்.
வேன் மலைப்பக்கம் போயிற்று.
நான் பழைய எண்ணெயைத் தகரத்தில் ஊற்றி
கை கழுவினேன். போகவில்லை, மறுபடி கழுவினேன்.

வெகுநேரம் கழித்து, கடைசி வளைவிலிருந்து
எஞ்சின் கத்துகிற சத்தம்.
இரண்டாம் கியர், சந்தேகமில்லை.
வாடை ஏதும் வரவில்லை.
யார் ஓட்டுகிறார்கள் என்று
இங்கிருந்து தெரியவில்லை.